லேப்டாப்பில் சொந்தமாக ஒரு சர்வீஸ்: டெபியனில் சிஸ்டம்டி யூனிட் எழுதலாம் வாங்க

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய திங்க்பேட் ஒன்றை வாங்கி, அதிலிருந்ததைத் துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டாயிற்று. வைஃபை வருகிறது, தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறது. இனி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேவை. ஆன் செய்ததும் தானாக நடக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கும், தினமும் ஒரு நேரத்தில் நடக்க வேண்டியது இன்னொன்று இருக்கும். அதையெல்லாம் நாமே டெர்மினலில் தட்டிக்கொண்டிராமல் சிஸ்டத்திடம் ஒப்படைப்பதற்குத்தான் சர்வீஸ்.

கட்டற்ற மென்பொருள் உலகில் டெபியன், உபுண்டு போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் இந்தப் பொறுப்பு சிஸ்டம்டியிடம் இருக்கிறது. 2010-இல் அறிமுகமானது. ஃபெடோரா 2011-இலேயே எடுத்துக்கொண்டது. டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் 2015 ஏப்ரலில் அதற்கு மாறின. பிடிக்காதவர்கள் டெபியனிலிருந்து பிரிந்து டெவுவான் என்று தனியாகவே ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். டெவுவான், வாய்டு, கூயிக்ஸ் என சிஸ்டம்டி இல்லாத விநியோகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் என்றால் தாராளமாகத் தொடரலாம். ஃபெடோரா, ஆர்ச்சில் மட்டும் கிரான் சர்வீஸின் பெயரும் வெளி டிஸ்கின் பாதையும் வேறாக இருக்கும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஸ்பெல்லிங் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாதி தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) நிரப்பும். யூனிட் கோப்பில், அதாவது ஒரு சர்வீஸை விவரிக்கும் சின்ன உரைக் கோப்பில் வரும் சொற்களுக்கு, ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கும் ஒரு சர்வீஸைத் திறந்து பார்த்தால் போதும்.

அதையே முதல் படியாக வைத்துக்கொள்வோம். டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் கேட் கிரான்

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் சர்வீஸின் முழுக் கோப்பும் திரையில் வரும். பத்துப் பதினைந்து வரி, அவ்வளவுதான். சதுர அடைப்புக்குள் யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என்று மூன்று தலைப்புகள் இருக்கும். யூனிட் பகுதியில் இது என்ன, எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்று இருக்கும். சர்வீஸ் பகுதியில் எந்த நிரலை எப்படி ஓட்டுவது. இன்ஸ்டால் பகுதியில் எப்போது தானாகக் கிளம்ப வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட், ரீஸ்டார்ட், வான்டட்பை என்று நமக்கு வேண்டிய முக்கியமான சொற்கள் எல்லாமே இதிலேயே இருக்கின்றன. இந்த ஜன்னலை மூடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இங்கே முக்கியம். எக்ஸெக்ஸ்டார்ட்டில் முதல் இ-யும் நடுவில் வரும் எஸ்-உம் கேப்பிட்டல். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் போட்டால் சிஸ்டம்டி அந்த வரியைத் தெரியாத வரி என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடும்.

மேலே ஒரு வரியில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றும் காட்டும். விநியோகம் கொடுத்த கோப்புகள் /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற இடத்தில் இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட் வரும்போது நீங்கள் மாற்றியதெல்லாம் போய்விடும். நம்முடைய இடம் /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம். இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் நம்முடையதுதான் செல்லும்.

முதல் சர்வீஸ்: சார்ஜ் 80-இல் நிற்கட்டும்

வீட்டிலிருந்தோ பிஜி அறையிலிருந்தோ வேலை பார்ப்பவர்களின் லேப்டாப் நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும். லித்தியம் பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்தில், அதுவும் சூட்டில் வைத்திருந்தால் சீக்கிரம் தேயும். 80-இல் நிறுத்தினால் நெடுநாள் வரும். திங்க்பேட் உட்படப் பல லேப்டாப்களில் லினக்ஸ் கர்னலே இதற்கு ஒரு கோப்பைத் தருகிறது:

/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/சார்ஜ்_கண்ட்ரோல்_எண்ட்_திரெஷோல்ட்

சிஸ் என்பது எஸ்-ஒய்-எஸ். பேட்0 மூன்றும் கேப்பிட்டல், கடைசியில் பூஜ்யம். திங்க்பேட் டி450, எக்ஸ்240 போன்றவற்றில் உள்ளே ஒன்று, கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பேட்டரி இருக்கும். அப்படியானால் பேட்1 என்றும் ஒரு கோப்புறை இருக்கும், இரண்டுக்கும் செய்ய வேண்டும். சில லேப்டாப்களில் பேட்1 மட்டும்தான் இருக்கும். இந்தக் கோப்பே இல்லையென்றால் உங்கள் மாடலுக்கு இந்த வசதி இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் படித்துவிட்டு இரண்டாவது சர்வீஸுக்குப் போகலாம்.

இதற்கு டிஎல்பி என்ற மின்சேமிப்புத் தொகுப்பு இருக்கிறதே, ஜினோம் 48 டெஸ்க்டாப்பின் பவர் செட்டிங்ஸிலேயே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதில் எதையாவது ஏற்கெனவே பயன்படுத்தினால் இதைச் செய்யாதீர்கள், இரண்டும் மோதிக்கொள்ளும். கற்றுக்கொள்வதற்கு இதைவிடச் சின்ன, பயனுள்ள சர்வீஸ் கிடைக்காது என்பதால்தான் இதை எடுத்திருக்கிறேன்.

யூனிட் எழுதும் முன் அதே வேலையை ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகப் பயனராகக் கையால் செய்து பாருங்கள். எந்த சர்வீஸாக இருந்தாலும் இதுதான் முறை. கையால் நடக்காதது சர்வீஸாகவும் நடக்காது. சுடோ -ஐ என்று தட்டி ரூட் ஷெல்லுக்குள் போங்கள். டெபியன் நிறுவும்போது ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால் சுடோ வேலை செய்யாது, எஸ்யூ - என்று தட்டி அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிறகு:

எக்கோ 80 > /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/சார்ஜ்_கண்ட்ரோல்_எண்ட்_திரெஷோல்ட்

பிழை எதுவும் வராவிட்டால், கேட் கட்டளையால் அதே கோப்பைப் படித்துப் பாருங்கள். 80 என்று காட்ட வேண்டும். ரூட் ஷெல்லுக்குள் போகாமல் சுடோ எக்கோ 80 > என்று தட்டினால் அனுமதி மறுப்பு வரும். சுடோ எக்கோவுக்கு மட்டும்தான் அதிகாரம் கொடுக்கிறது, கோப்பில் எழுதும் அம்புக்குறி வேலையைச் செய்வது உங்கள் சாதாரண ஷெல். இதில் மாட்டாதவர்கள் குறைவு.

சரி, இனி யூனிட். ரூட் ஷெல்லிலேயே நானோ எடிட்டரில் /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/பேட்டரி-லிமிட்.சர்வீஸ் என்ற கோப்பைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=பேட்டரி சார்ஜ் வரம்பு
ஆஃப்டர்=சஸ்பெண்ட்.டார்கெட்

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
எக்ஸெக்ஸ்டார்ட்=/பின்/எஸ்எச் -சி 'எக்கோ 80 > /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/சார்ஜ்_கண்ட்ரோல்_எண்ட்_திரெஷோல்ட்'

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட் சஸ்பெண்ட்.டார்கெட்

டிஸ்கிரிப்ஷனில் மட்டும் தமிழிலேயே எழுதலாம், யூடிஎஃப்-8 என்பதால் பிரச்சினை இல்லை. லாகில் உங்கள் சர்வீஸ் தமிழில் தெரிவதைப் பார்க்க நன்றாகவே இருக்கும்.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் எஸ்எச் -சி எதற்கு? சிஸ்டம்டி ஷெல் இல்லை. நீங்கள் கொடுத்த நிரலை நேரடியாக ஓட்டும், அவ்வளவுதான். அம்புக்குறி, பைப், நட்சத்திரக் குறி எதுவும் அதற்குப் புரியாது. அவை வேண்டுமென்றால் ஒரு ஷெல்லைக் கூப்பிட்டு அதனிடம் கொடுக்க வேண்டும். ஒன்ஷாட் என்பது ஒருமுறை செய்துவிட்டு முடிந்துபோகிற வேலை. வலைச் சேவையகம் மாதிரி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருப்பதற்கு டைப் வரியையே விட்டுவிடலாம்.

டார்கெட் என்பது சிஸ்டம் எட்டும் ஒரு நிலை. மல்ட்டி-யூசர் என்பது வழக்கமாக பூட் ஆகிவரும் நிலை, சஸ்பெண்ட் என்பது தூக்கம். சஸ்பெண்ட்.டார்கெட் இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். சில மாடல்களில் மூடியை மூடித் திறந்ததும் இந்த வரம்பு பழையபடி 100-க்குப் போய்விடும். லேப்டாப் தூங்கி எழுந்த பிறகுதான் சஸ்பெண்ட்.டார்கெட் நிறைவடையும். அதனால் அதற்குப் பிறகு ஓடு என்றால், எழுந்ததும் ஓடும்.

சேமித்துவிட்டு வெளியே வந்து இந்த இரண்டையும் தட்டுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு
சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் பேட்டரி-லிமிட்.சர்வீஸ்

முதலாவது, கோப்பு மாறியிருக்கிறது, மறுபடி படி என்று சிஸ்டம்டிக்குச் சொல்வது. யூனிட் கோப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இது வேண்டும். எனேபிள் என்றால் அடுத்த பூட்டிலிருந்து தானாக ஓடு. ஸ்டார்ட் என்றால் இப்போதே ஓடு. இரண்டும் தனித்தனி. --நவ் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். பின்னால் இன்ஸ்டால் பகுதியை மாற்றினால் டீமன்-ரீலோடு போதாது, ரீஎனேபிள் என்றும் கொடுக்க வேண்டும். எனேபிள் செய்யும் நேரத்தில்தான் சிஸ்டம்டி அந்தப் பகுதியைப் பார்த்து இணைப்புக் கோப்புகளைப் போடுகிறது.

இப்போது சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பேட்டரி-லிமிட் என்று பாருங்கள். இன்ஆக்டிவ், டெட் என்று வரும். பதற வேண்டாம்! ஒன்ஷாட் சர்வீஸ் வேலையை முடித்தால் அப்படித்தான் காட்டும். கீழே பிராசஸ் வரியில் ஸ்டேட்டஸ்=0/சக்ஸஸ் என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இணையத்தில் தேடினால், டெட் என்று வராமலிருக்க ரிமெயின்ஆஃப்டர்எக்ஸிட்=யெஸ் சேருங்கள் என்று பலர் சொல்வார்கள். இந்த சர்வீஸில் அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பச்சை நிறத்தில் ஆக்டிவ் என்று அழகாகக் காட்டும். ஆனால் ஏற்கெனவே ஆக்டிவாக இருக்கும் சர்வீஸை சிஸ்டம்டி மறுபடி ஓட்டாது. மூடியைத் திறந்து எழுப்பும்போது உங்கள் 80 அமைக்கப்படவே படாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாலாவில் பஸ் ஏறுவதற்கு முன் முழு சார்ஜ் வேண்டுமென்றால், ரூட்டாக எக்கோ 100 என்று கையால் கொடுத்தால் போதும். முழுதாக ஏறும்வரை மூடியை மூடாதீர்கள். மூடித் திறந்தால் நம் சர்வீஸ் திரும்ப 80-ஐ எழுதிவிடும். ஏறிய சார்ஜ் குறையாது, மேற்கொண்டு ஏறாது.

டெர்மினலில் ஓடுவது சர்வீஸில் ஏன் ஓடுவதில்லை?

“அண்ணா, டெர்மினல்ல ஓடுது, சர்வீஸா போட்டா ஃபெயில்னு வருது.” புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். டெர்மினலில் இருப்பது நீங்கள். உங்கள் ஷெல் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பு, நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத், உங்கள் ஹோம் கோப்புறை, நீங்கள் நிற்கும் இடம் எல்லாம் அங்கே இருக்கின்றன. சிஸ்டம்டி ஓட்டும்போது அவற்றில் எதுவும் இல்லை. சிஸ்டம் சர்வீஸ் ஒன்று, வேறு விதமாகச் சொல்லாதவரை, ரூட்டாக, மூல அடைவில் நின்றுகொண்டு, குறைந்தபட்சமான பாத்துடன் ஓடுகிறது. அதனால் அலை வளைவுக் குறி (~) போட்டு ஹோமைக் குறிப்பதை விட்டுவிடுங்கள், முழுப் பாதை எழுதுங்கள். பைத்தான் விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்றால் ஆக்டிவேட் செய்ய முயலாமல் அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையே எக்ஸெக்ஸ்டார்ட்டில் கொடுங்கள். குறிப்பிட்ட கோப்புறையில் நின்று ஓட வேண்டுமா, வொர்க்கிங்டைரக்டரி என்ற வரி இருக்கிறது. ரூட் வேண்டாமா, யூசர் என்ற வரியில் உங்கள் பயனர் பெயரைப் போடுங்கள்.

என்ன தப்பு என்று ஊகிக்காமல் லாகைப் படியுங்கள்:

ஜர்னல்சிடிஎல் -யூ பேட்டரி-லிமிட் -பி

-யூ எந்த யூனிட் என்று சொல்கிறது, -பி இந்த பூட்டில் நடந்ததை மட்டும் காட்டுகிறது. இரண்டும் சின்ன எழுத்து. -எஃப் சேர்த்தால் வர வர ஓடிக்கொண்டே இருக்கும். அதில் 203/எக்ஸெக் என்று ஒரு எண்ணைப் பார்த்தால், நிரல் தொடங்கவே இல்லை என்று பொருள். பாதை தப்பாக இருக்கும், அல்லது ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுத்திருக்க மாட்டீர்கள், அல்லது முதல் வரியில் ஷெபாங் (எந்த நிரல் அதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! வரி) இருக்காது. விண்டோஸ் எடிட்டரில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டாக இருந்தால் வரி முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் இதே பிழையைத் தரும். 203 இல்லாமல் 1, 2 என்று வந்தால் நிரல் தொடங்கி அதற்குள் ஏதோ தவறியிருக்கிறது. அதன் சொந்தப் பிழைச் செய்தி இரண்டு வரி மேலே இருக்கும்.

யூனிட் கோப்பிலேயே எழுத்துப்பிழை இருக்குமோ என்று சந்தேகமா? சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை என்று கொடுத்து, பின்னால் கோப்பின் பாதையைக் கொடுங்கள். எந்த வரி புரியவில்லை என்று வரி எண்ணோடு சொல்லும்.

தொடர்ந்து ஓட வேண்டிய நிரல் அவ்வப்போது விழுகிறது என்றால் ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர், ரீஸ்டார்ட்செக்=5 என்று இரண்டு வரி சேருங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் இயல்பான இடைவெளி 100 மில்லிசெகண்டுதான். படபடவென்று எழுந்து விழுந்து, 10 செகண்டுக்குள் 5 முறை ஆனதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். அப்புறம் அந்த 10 செகண்ட் கழியக் காத்திருந்தோ, உடனே வேண்டுமென்றால் ரீசெட்-ஃபெயில்டு கொடுத்தோதான் கையால் மறுபடி கிளப்ப முடியும்.

இரண்டாவது சர்வீஸ்: மதியம் ஒன்றரைக்கு பேக்கப்

இதற்கு ரூட் தேவையில்லை, பயனர் சர்வீஸ் போதும். உங்கள் ஹோமுக்குள் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் என்ற கோப்புறையை உருவாக்கி, அதில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் எழுதுங்கள்: பேக்கப்.சர்வீஸ், பேக்கப்.டைமர். வெளி ஹார்டு டிஸ்குக்கும் பேக்கப் என்று லேபிள் வைத்துவிடுங்கள். லேபிளில் இடைவெளி வேண்டாம்.

பேக்கப்.சர்வீஸ்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=டாகுமெண்ட்ஸ் பேக்கப்
கண்டிஷன்பாத்இஸ்மவுன்ட்பாயின்ட்=/மீடியா/%யூ/பேக்கப்
கண்டிஷன்ஏசிபவர்=ட்ரூ

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/ஆர்சிங்க் -ஆர்டி %எச்/டாகுமெண்ட்ஸ்/ /மீடியா/%யூ/பேக்கப்/டாகுமெண்ட்ஸ்/

%யூ உங்கள் பயனர் பெயர், %எச் உங்கள் ஹோம், இரண்டும் சின்ன எழுத்து. சிஸ்டம்டிக்கு சதவீதக் குறி இப்படிச் சிறப்புப் பொருள் உள்ளது என்பதால், தேதி கட்டளை மாதிரி எங்காவது நிஜமாகவே சதவீதக் குறி தேவைப்பட்டால் அதை இரட்டையாக எழுத வேண்டும். வெளி டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். உரிமையாளர், அனுமதி விவரங்களை அது வைத்துக்கொள்ளாது, அதனால் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலுக்கு அவற்றையும் காக்க முயலும் -ஏ வேண்டாம், -ஆர்டி போதும். --டிலீட் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் தவறி அழித்த கோப்பை அடுத்த ஓட்டத்தில் பேக்கப்பிலிருந்தும் அது அழித்துவிடும். பிறகு பேக்கப் எதற்கு?

இரண்டு கண்டிஷன் வரிகளும் லேப்டாப்புக்கு ரொம்பத் தோது. டிஸ்க் செருகப்படவில்லை என்றாலோ சார்ஜரில் இல்லை என்றாலோ சர்வீஸ் ஓடாது. ஃபெயில் என்றும் காட்டாது, தாண்டிவிட்டேன் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும். இதையே ரூட் சர்வீஸாக எழுதுபவர்களுக்கு முதல் கண்டிஷன் கட்டாயம். இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் ஆர்சிங்க் அந்தப் பெயரில் சாதாரணக் கோப்புறை ஒன்றில் எழுதி எஸ்எஸ்டியை நிரப்பிவிடலாம்.

பேக்கப்.டைமர்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=தினசரி பேக்கப் நேரம்

[டைமர்]
ஆன்கேலண்டர்=13:30
பெர்சிஸ்டென்ட்=ட்ரூ

[இன்ஸ்டால்]
வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட்

பலரும் பேக்கப்பை நள்ளிரவுக்கு வைப்பார்கள். அது சர்வருக்குச் சரி, லேப்டாப்புக்குச் சரிவராது. நள்ளிரவில் அது மூடிக் கிடக்கும், டிஸ்க் அலமாரியில் இருக்கும். சாப்பிட எழுந்து போகும் நேரம்தான் லேப்டாப் திறந்து, சார்ஜரில், சும்மா இருக்கும் நேரம். பெர்சிஸ்டென்ட் வரி, அந்த நேரத்தில் லேப்டாப் ஆஃப் ஆகியிருந்தால் அடுத்த முறை நீங்கள் உள்நுழையும்போது விட்டதை ஓட்டும். ஒரு விஷயம்: கண்டிஷன் பொருந்தாமல் தாண்டியதையும் டைமர் ஓடியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு டிஸ்கைப் பிறகு செருகினால் கையால்தான் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

இங்கே எல்லாக் கட்டளைக்கும் --யூசர் சேர்க்க வேண்டும், சுடோ கூடாது:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் டீமன்-ரீலோடு
சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டார்ட் பேக்கப்.சர்வீஸ்
சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் பேக்கப்.டைமர்

நடு வரி ஒருமுறை சோதித்துப் பார்க்க. எனேபிள் செய்வது டைமரை மட்டும்தான். சர்வீஸில் இன்ஸ்டால் பகுதியே இல்லை, தேவையும் இல்லை. சிஸ்டம்சிடிஎல் --யூசர் லிஸ்ட்-டைமர்ஸ் என்று பார்த்தால் அடுத்து எப்போது ஓடும் என்று தெரியும். அதில் 13:30-க்குப் பக்கத்தில் யூடிசி என்று இருந்து, உங்கள் கைக்கடிகாரப்படி பேக்கப் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓடினால், லேப்டாப்பின் நேர மண்டலம் இன்னும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏஷியா/கொல்கத்தா என்று கொடுங்கள்.

விநியோகம் கொடுத்த சர்வீஸை மாற்ற வேண்டுமென்றால்

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று கொடுத்து சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுதினால் போதும், அது /இடிசி-க்குள் தனித் துண்டாகப் போய் உட்காரும். மூலக் கோப்பு அப்படியே இருக்கும். எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றும்போது மட்டும், முதலில் எதுவும் எழுதாத எக்ஸெக்ஸ்டார்ட்= என்று ஒரு காலி வரி, அடுத்த வரியில் புதியது. மனசு மாறினால் சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட்.

இதற்கு அடுத்த கட்டமாக, நிரல் தொடக்கூடிய இடங்களைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு வரிகள் நிறைய உண்டு. சிஸ்டம்டி-அனலைஸ் செக்யூரிட்டி கொடுத்தால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் மதிப்பெண் போட்டுக் காட்டும். மதிப்பெண்ணுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். உதாரணமாக, புரொடெக்ட்கர்னல்டியூனபிள்ஸ் என்ற வரி /சிஸ் முழுவதையும் படிக்க மட்டும் என்று ஆக்கிவிடும். நம் பேட்டரி சர்வீஸ் அதோடு நின்றுவிடும்.

ஒரு சர்வீஸ் இனி வேண்டாம் என்றால் கோப்பை மட்டும் அழிப்பது போதாது. முதலில் டிசேபிள் --நவ், பிறகு கோப்பை அழித்தல், கடைசியாக டீமன்-ரீலோடு. வரிசை மாறினால் எனேபிள் செய்தபோது போட்ட இணைப்புக் கோப்புகள் அனாதையாகக் கிடக்கும். பேட்டரி சர்வீஸை எடுக்கிறவர்கள் கூடவே எக்கோ 100-ஐயும் ஒருமுறை எழுதிவிடுங்கள். திங்க்பேட் மாதிரியான லேப்டாப்கள் அந்த எண்ணை ஹார்டுவேரிலேயே நினைவில் வைத்திருக்கும், சர்வீஸ் போன பிறகும் சார்ஜ் 80-ஐத் தாண்டாமல் நிற்கும்.